மலிந்த பணமும் மலியாத வாடகையும்

யாழ்ப்பாணத்து ஒற்றி உறுதியொன்றைப் படித்தவருக்கு, பொருளியல் நூல் எதனையும் புரட்டாமலே ஓர் உண்மை புலனாகும். கடன் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. காணியைத் தம் வசம் எடுத்து அதன் பயனை அனுபவிக்கிறார். கடன்பட்டவர் வட்டி கொடுப்பதில்லை. காணியின் பயனையும் பெறுவதில்லை. வட்டிக்குக் குத்தகை ஈடாகிவிடுகிறது. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலும் இடம்பெற்றுள்ள பழைய வழக்கம் இது.

வட்டியும் வாடகையும் இவ்வாறு ஒன்றுக்கொன்று ஈடாக நிற்குமாயின், வட்டி குறையும்போது வாடகையும் குறைதல் வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. வட்டி வீதம் வீழும்போதெல்லாம் ஆட்சியாளரும் அவர்தம் பொருளியல் ஆலோசகரும் மக்களுக்குக் கூறும் ஆறுதலும் இதுவே. ஆயின் முதலாளித்துவ சமுதாயத்தில் இவ்வாறுதல் எத்துணை மெய்யானது? இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்கு 1932ஆம் ஆண்டுப் பிரித்தானியாவைப் போன்று தெளிவான உதாரணம் பிறிதொன்று கிடைப்பது அரிது. அதனை விளங்கிக்கொள்ள நாம் முதலில் 1914ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டில் பிரித்தானியக் குடும்பங்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது வாடகை வீடுகளிலேயே வாழ்ந்தன. வீட்டுச் சொந்தக்காரர் அனைவரும் பெருநிலப் பிரபுக்களல்லர். கடைக்காரர், ஓய்வுபெற்ற கைவினைஞர், கணவனை இழந்த பெண்கள் எனப் பலர் இரண்டொரு வீடுகளின் வாடகையைக் கொண்டு சீவித்தனர். அவ்வீடுகளுட் பல ஈட்டுக் கடனால் வாங்கப்பட்டவை. சட்டத்தரணிகள் வாயிலாகத் தமது சேமிப்பை முதலிட்ட நடுத்தர வர்க்கத்தினர் அக்கடனைக் கொடுத்திருந்தனர். ஆகவே, தொழிலாளி வாரந்தோறும் எண்ணிக் கொடுத்த வாடகையில் ஒரு பகுதி வீட்டுக்காரரிடம் தங்க, மறுபகுதி வட்டியாக மாறிச் சேமிப்பாளரைச் சென்றடைந்தது. மூவரும் ஒரு கயிற்றாற் பிணிக்கப்பட்டிருந்தனர்; இழுபடும்போது கழுத்து இறுகியது வாடகைக்கு இருந்தவருக்கே.

யுத்தம் மூண்டபோது இக்கயிறு அறுந்துபோகும் நிலையை அடைந்தது. அரசு பெருங்கடன் வாங்கிற்று, வட்டி ஏறிற்று, புதிய வீடுகள் கட்டுவது நின்றது. ஆயுதத் தொழிற்சாலைகளையும் கப்பல் கட்டும் தளங்களையும் நாடித் தொழிலாளர் கிளாஸ்கோ நகரில் வந்து குவிந்தனர். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினர். கோவன் பகுதியில் மேரி பார்பர் முதலிய உழைக்கும் வர்க்கப் பெண்கள் தெருத்தெருவாக அமைப்புக் கட்டி, உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தனர். வெளியேற்ற வந்த அதிகாரிகளை வாசலிலேயே மறித்தனர். 1915 நவம்பர் 17ஆந் திகதி வாடகை மறுத்தோர் மீதான வழக்கு எடுக்கப்பட்டபோது, கப்பற்றளத் தொழிலாளர் வேலையை விட்டிறங்கி நீதிமன்றத்துக்கு வெளியே திரண்டனர். வழக்குக் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று.

அச்சட்டத்தின் பெயரிலேயே வாடகை உயர்வு, ஈட்டுக் கடன் வட்டி என்னும் இரண்டும் இணைந்து நிற்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. சிறு வீடுகளின் வாடகையை 1914 ஆகஸ்ட் மாத மட்டத்தில் நிறுத்திய சட்டம், அவ்வீடுகளின் மீதிருந்த கடனின் வட்டியையும் உடன் கட்டுப்படுத்திற்று. வட்டி கட்டுப்படாது வாடகை கட்டுப்படாது என்பதை ஆளும் வர்க்கமும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவ்வுண்மையைச் சட்டப் புத்தகத்தில் எழுதுவித்தவர்கள், பொருளியல் பேராசிரியர்களல்லர். கிளாஸ்கோவின் குடும்பப் பெண்கள்.

யுத்தம் மற்றொரு மரபுரிமையையும் விட்டுச் சென்றது. 1917இல் அரசு 5 சதவீத வட்டியில் போர்க்கடன் பத்திரங்களை வெளியிட்டது. 1932இல் இவ்வகைப் பத்திரங்களின் தொகை 200 கோடிப் பவுணுக்கு மேல் இருந்தது. தேசியக் கடனில் இது நாலிலொரு பங்குக்கும் அதிகம். 1920க்கும் 1932க்கும் இடையில் வாழ்க்கைச் செலவு ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வீழ்ந்தது. விலைகள் வீழ, 5 சதவீதத்தின் உண்மைப் பெறுமதி ஏறிற்று. தொழிலாளரின் கூலி குறைக்கப்பட்ட அதே ஆண்டுகளில் பத்திரம் வைத்திருந்தவரின் வருமானம் ஓசையின்றிப் பெருகிற்று.

1931இல் நெருக்கடி முற்றியது. செப்டெம்பரில் பிரித்தானியா தங்க நியமத்தைக் கைவிட்டது. தேசிய அரசாங்கம் வேலையற்றோருக்கான உதவியைப் பத்திலொரு பங்கு வெட்டிற்று. வயது வந்த ஆணுக்கு வாரம் 17 ஷிலிங்காக இருந்தது 15 ஷிலிங் 3 பென்ஸாயிற்று. உதவி கேட்ட குடும்பத்தின் வருவாயும் சேமிப்பும் வீடு தேடி வந்து சோதிக்கப்பட்டன. இவ்வாறு மக்களின் வயிற்றில் அடித்த பின்னரே பணம் மலிவாக்கப்பட்டது. 1931 செப்டெம்பரில் 6 சதவீதமாயிருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம் படிப்படியாக இறங்கி, 1932 ஜூன் 30ஆந் திகதி 2 சதவீதத்தை அடைந்தது. 1939இல் யுத்தம் தொடங்கிய சில வாரங்கள் நீங்கலாக, 1951 நவம்பர் வரை அது அவ்விடத்தைவிட்டு அசையவில்லை.

அதே ஜூன் 30ஆந் திகதி நிதியமைச்சர் நெவில் சேம்பர்லின் 5 சதவீதப் போர்க்கடனை 3½ சதவீதத்துக்கு மாற்றும் திட்டத்தைப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். விரும்பாதவர் பணத்தைத் திரும்பப் பெறலாம் எனப்பட்டது. ஆயின் பெற்ற பணத்தை எங்கே இடுவது? வேறு புதிய பத்திரங்கள் சந்தைக்கு வராதவாறு தடுக்கப்பட்டிருந்தது. தேசபக்தியின் பெயராற் பிரசாரம் நடந்தது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட பத்திரங்கள் மாற்றப்பட்டன. அரசின் வட்டிச் செலவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடிப் பவுண் மிஞ்சிற்று.

இவ்வீழ்ச்சி சேமிப்பாளரை எவ்வாறு தாக்கிற்று? சேமிப்பாளர் என்ற ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு வர்க்கங்கள் மறைந்திருப்பதை நாம் மறத்தலாகாது. நூறு பவுண் பத்திரம் வைத்திருந்த முதியவரின் ஆண்டு வருமானம் 5 பவுணிலிருந்து 3½ பவுணாயிற்று; அவருக்கு அது மெய்யான இழப்பு. பெருந்தொகை வைத்திருந்தவரோ வேறு வழி கண்டார். வட்டி இறங்கியதும் அவர் கையிலிருந்த ஏனைய நீண்டகாலப் பத்திரங்களின் சந்தை விலை ஏறிற்று. பங்குகளும் வீடுகளும் அவருக்குத் திறந்திருந்தன. அடிமட்டத் தொழிலாளியின் நிலையோ வேறு. அவரது சில பவுண்கள் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியில் இருந்தன. 1861இல் அது தொடங்கிய காலம்முதல் கொடுத்துவந்த வட்டி 2½ சதவீதம். அரசு செல்வந்தருக்கு 5 கொடுத்தபோதும் அவருக்கு 2½. 3½ கொடுத்தபோதும் அவருக்கு 2½. வட்டி ஏறியபோது அவரை எவரும் நினைக்கவில்லை. ஆதலால் இறங்கியபோது அவரிடமிருந்து பறிக்க எதுவும் இருக்கவில்லை.

இனி வீட்டுச் சொந்தக்காரரை நோக்குவோம். செலவு போக ஆண்டுக்கு 25 பவுண் வாடகை தரும் வீடு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பணத்துக்கு 5 சதவீதம் கிடைக்கும் காலத்தில் அவ்வருமானத்தின் விலை 500 பவுண். 3½ சதவீதமே கிடைக்கும் காலத்தில் அதே வருமானம் 714 பவுண் பெறும். வீட்டில் ஓர் ஓடுகூட மாற்றப்படவில்லை. வாடகை ஒரு பென்ஸேனும் ஏறவில்லை. எனினும் சொந்தக்காரரின் செல்வம் வளர்ந்துவிடுகிறது. நிலத்தின் விலை என்பது மூலதனமாகக் கணிக்கப்பட்ட வாடகையே என்றும், வாடகை மாறாதிருக்க வட்டி வீழினும் நிலவிலை உயரும் என்றும் ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்கியது இதனையே. ஈட்டுக் கடன் உடையவராயின் அவருக்கு இரட்டை இலாபம்: கொடுக்கும் வட்டி குறைகிறது, கையிலிருக்கும் சொத்தின் பெறுமதி கூடுகிறது.

ஆயினும் மலிந்த பணத்தால் எவருக்கும் நன்மை விளையவில்லை எனக் கூறுவது வரலாற்றுக்கு மாறாகும். கட்டிடப் பொருள்களின் விலையும் வீழ்ந்திருந்த அக்காலத்தில், கட்டிடச் சங்கங்கள் வீட்டுக் கடனின் வட்டியை 6 சதவீத அளவிலிருந்து 4½ சதவீத அளவுக்கு இறக்கின. 20 ஆண்டுக்கு 400 பவுண் கடன் எடுத்தவருக்கு இதனால் வாரத் தவணை ஏறத்தாழ 13 ஷிலிங் 5 பென்ஸிலிருந்து 11 ஷிலிங் 10 பென்ஸாகக் குறையும். 1930களின் நடுவில் ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. எழுதுவினைஞரும் ஆசிரியரும் தேர்ந்த தொழிலாளரிற் சிலரும் முதன்முறையாகச் சொந்த வீட்டிற் குடியேறினர். இது சிறிய காரியமன்று. எனினும் அவ்வாசல் நிலையான வேலை உடையவருக்கே திறந்தது. 1933இன் தொடக்கத்தில் வேலையற்றிருந்த ஏறத்தாழ முப்பது இலட்சம் பேருக்கு 4½ சதவீதமும் ஒன்றுதான், 6 சதவீதமும் ஒன்றுதான்.

அவ்வாசலுக்கு வெளியே நின்ற வாடகைக் குடியினருக்கு என்ன கிடைத்தது? வட்டி வீழ்ச்சியையே காரணங்காட்டி, அவர்களிடம் இருந்ததையும் அரசு பறித்தது. 1924இல் முதலாவது தொழிற்கட்சி அரசாங்கத்தின் அமைச்சர் ஜோன் வீட்லி, நகரசபைகள் வாடகை வீடு கட்டுவதற்கு மானியம் வழங்கும் சட்டத்தைக் கொணர்ந்திருந்தார். பணம் மலிந்துவிட்டது, இனித் தனியார் முயற்சியே போதும் என்ற வாதத்துடன் 1933இல் அம்மானியம் ஒழிக்கப்பட்டது. சேரி அகற்றலுக்கான உதவி மட்டுமே எஞ்சிற்று. அதே ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், பெறுமதி கூடிய வீடுகளை வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து உடனடியாக விடுவித்தது. நடுத்தர வீடுகள் காலியாகும்போது விடுவிக்கப்பட்டன. தட்டுப்பாடுள்ள இடத்தில் வாடகையை நிர்ணயிப்பது வீட்டுக்காரரின் வட்டிச் செலவன்று. குடியிருப்பவருக்கு வேறு போக்கிடம் இல்லாமையே. செலவு குறைந்தமையாற் கிடைத்த இலாபத்தை அவர் குடியிருப்பவருடன் பகிர்ந்துகொள்ள எவ்வித கட்டாயமும் இருக்கவில்லை.

அக்கட்டாயத்தை மீண்டும் மக்களே உண்டாக்கவேண்டியதாயிற்று. கிழக்கு இலண்டனின் ஸ்டெப்னியில், யூதத் தொழிலாளரும் ஐரிஷ் தொழிலாளரும் பாசிஸ்டுகள் விதைத்த பகைமையைப் புறந்தள்ளி ஒரே குடியிருப்போர் சங்கத்தில் இணைந்தனர். பில் பிராட்டின் போன்ற கம்யூனிஸ்டுகளும் மதகுருவான ஜோன் குரோசரும் அதில் ஒன்றாக நின்றனர். 1938, 1939ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த வாடகை மறுப்புப் போராட்டங்கள் வாடகைக் குறைப்பையும் வீட்டுத் திருத்தங்களையும் வென்றெடுத்தன. 2 சதவீத வங்கி வட்டி ஏழாண்டுகளிற் செய்யாததை, பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்ற பெண்கள் சில மாதங்களிற் செய்துமுடித்தனர். 1939 செப்டெம்பரில் மறுபடியும் யுத்தம் மூண்டபோது அரசு வாடகைக் கட்டுப்பாட்டை மீண்டும் விரிவாக்கிற்று.

1936இல் வெளிவந்த தமது பெருநூலில் கெயின்ஸ், வட்டி தொடர்ந்து குறைந்தால் உழைக்காது வட்டியுண்டு வாழும் கூட்டம் நோவின்றி மறைந்துவிடும் என நம்பிக்கை தெரிவித்தார். அக்கூட்டம் மறையவில்லை; இடம் மாறிற்று. பத்திரத்தை விட்டு நிலத்திற் குடியேறிற்று. 3½ சதவீதப் போர்க்கடனோ 2015 மார்ச் மாதத்திலேதான் முற்றாகத் தீர்க்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. பிரித்தானியாவின் வாடகைச் சட்ட மரபு 1942ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டமாக இலங்கைக்கும் வந்தது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் 1973ஆம் ஆண்டு வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. கடன் மாற்றும் மரபும் வந்தது. 2023 மார்ச்சில் 16.5 சதவீதமாக இருந்த மத்திய வங்கியின் கடன் வழங்கல் வட்டி வீதம் நவம்பரில் 10 சதவீதமாயிற்று. அவ்வாண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் திறைசேரி முறிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதியின் முறிகளோ, முதலில் 12 சதவீதமும் பின்னர் 9 சதவீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. மறுத்தால் முறி வருமானத்தின் மீதான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும் என்பது நிபந்தனை. 1932இல் தேசபக்தியின் பெயராற் கேட்டார்கள். 2023இல் வரியைக் காட்டிக் கேட்டார்கள். 1932இல் முதன்மையாகப் பத்திரக்காரரிடம் கேட்டார்கள். 2023இல் தோட்டத்திலும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்தவரின் முதுமைக்காலச் சேமிப்பிற் கைவைத்தார்கள்.

வட்டி வீழ்வது நல்லதா தீயதா என்று கேட்பது, மழை பெய்வது நல்லதா தீயதா என்று கேட்பதை ஒக்கும். வயல் யாருடையது, வரம்பை யார் கட்டினார், கூரை யாருக்கு ஒழுகுகிறது என்பவற்றை அறிந்தபின்னரே விடை கூற இயலும். மலிந்த பணம் நிலமும் வீடும் உடையவரைத் தானே தேடிச் செல்லும். இல்லாதவரிடம் அதனைக் கொண்டுவந்து சேர்ப்பவை வாடகைச் சட்டமும், பொது வீடமைப்பும், அவற்றைக் கோரிப் பெறும் மக்கள் இயக்கமுமே. கிளாஸ்கோ பெண்கள் 1915இல் சட்டத்தின் தலைப்பிலேயே எழுதுவித்த இந்த உண்மையை, வட்டி இறங்கும் ஒவ்வொரு முறையும் நாம் எடுத்து வாசித்தல் வேண்டும்.