குளச்சற் போரும் எண்ணப்படாத வீரரும்

இக்காலப் பிள்ளைகள் கணிப்பொறியில் ஆடும் போர் விளையாட்டுகளுள் ஈவ் ஆன்லைன் என ஒன்று உண்டு. ஐஸ்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டது. உலகெங்குமுள்ளோர் ஒரே வானவெளியில் கப்பலோட்டிப் பொருதுகின்றனர். 2014 சனவரியில் நிகழ்ந்த ஒரு சமரில் ஏறத்தாழ 21 மணி நேரத்தில் 75 பெருங்கப்பல்கள் அழிந்தனவாம்! எனினும் நம்மை வியப்பில் ஆழ்த்துவது அப்பேரழிவு அன்று. அதற்கு வைக்கப்படும் கணக்கே. ஒரு கப்பல் வீழ்ந்தால், அதை ஓட்டியவர் யார், சுட்டவர் யார் யார், இறுதி அடி எவருடையது என யாவும் ஏட்டில் ஏறிவிடும். ஐந்தாறு பேர் கூடிய சிறு குழுவும் தன் வெற்றி தோல்விகளைப் பெயர் பெயராக எடுத்துக் காட்டலாம்.

கற்பனைப் போருக்கு இத்துணைக் கணக்கு உண்டென்றால், நாம் குடியேறி வாழும் இம்மண்ணின் மெய்ப்போருக்கு என்ன கணக்கு உண்டு? குளச்சற் போரையே எடுத்துக்கொள்வோம்.

மார்த்தாண்டவர்மர் 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டார். மிளகு வாணிகத்தைத் தம் கையில் வைத்திருக்க விரும்பிய டச்சுக் கம்பெனியாருக்கு அவர் அண்டை நாடுகளை வென்று சேர்த்தது பிடிக்கவில்லை. பகை முற்றி, 1741-இல் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கி, அந்நாள் தலைநகராகிய பத்மநாபபுரத்தை நோக்கி முன்னேறியது. தளவாய் இராமய்யன் நடத்திய படை அதை மீண்டும் கடற்கரைக்கே தள்ளி முற்றுகையிட்டது. வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி எரியவே, ஆகஸ்டில் டச்சுக்காரர் சரணடைந்தனர்.

சிறைப்பட்ட ஐரோப்பியர் 24 பேர் எனத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் எண்ணிச் சொல்கின்றன. அவருள் ஒருவரே டிலனாய். உதயகிரியில் காவலில் வைக்கப்பெற்ற அவர், பின்னர் அரசர் பணியில் சேர்ந்து, சில வீரர்க்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிக்கத் தொடங்கி, இறுதியில் ‘வலிய கப்பித்தான்’ என்னும் படைத்தலைமை எய்தினார். தோற்றவர் கூட்டத்து மனிதருக்கு இவ்வளவு விரிவான வரலாறு உண்டு. வென்றவர் பக்கத்தில் என்ன இருக்கிறது?

தளவாயின் பெயர் இருக்கிறது. இராமய்யன் திருநெல்வேலிச் சீமையின் ஏர்வாடியைச் சேர்ந்த குடும்பத்தினர் என்பர். அரசரிடம் பாண்டிநாட்டு மறவர் படையும் இருந்தது. அதன் தலைவர் பொன்னம் பாண்டியத் தேவரின் பெயர் நூல்களில் வருகிறது. அவர் பின்னே குதிரையேறி வந்தவர்கள் யாவர்? பெயரில்லை. கடற்கரை மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சார்த்தித் துப்பாக்கி வீரர் போல அணிவகுத்து நின்று பகைவரை ஏமாற்றினர் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. கதையாகவே இருப்பினும் நமக்கு அது உவப்பானதே. வலைவீசியவர்க்கும் அப்போரில் ஓரிடம் இருந்தது என்று சொல்லும் சான்று அக்கதை ஒன்றன்றோ! அவருள்ளும் ஒருவர் பெயர்கூட நமக்கு எட்டவில்லை.

தமிழர் நாம் திருவனந்தபுரத்திற்குப் பிழைக்க வந்தவர்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இவ்வரசு வேரூன்றிய நாளிலேயே தமிழர் இங்கே படைத்தொழில் புரிந்தனர் என்பதை அவர்க்கு எடுத்துச் சொல்ல விழைவோர்க்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது. அக்காலத்துத் தலைநகரும் குளச்சலும் 1956 நவம்பர் முதல் நாளன்று தமிழகத்தோடு சேர்ந்தன. பத்மநாபபுரம் அரண்மனையோ இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. டிலனாய் சரணடையும் காட்சியை அங்கே ஓவியமாகக் காணலாம்.

ஆயினும் ஒரு கல் உண்டு. 1777-இல் மறைந்த டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையினுள் இருக்கிறது. மனைவியும், 1765-இல் களக்காட்டுப் போரில் இளவயதிலேயே உயிர்நீத்த மகனும் அங்கேயே அடக்கமாயினர். டிலனாயின் கல்லில் இரு மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ். அந்த அந்நியத் தளபதியின் இறுதிச் செய்தியைப் படிக்க வேண்டிய ஊராரும் படைவீரரும் எம்மொழியினர் என்பது அதைப் பொறித்தோர்க்குத் தெரிந்திருக்கிறது. நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் தக்கலையைக் கடந்ததும் புலியூர்க்குறிச்சியில் கோட்டை வாயில் தென்படும். அடுத்த முறை ஊருக்குப் போகும் குடும்பத்தார் பிள்ளைகளை அங்கே இறக்கி, அந்தத் தமிழ் வரிகளை வாய்விட்டுப் படிக்கச் செய்யலாம்.