ஆல்ஃபா ரோமியோவும் நம்ம ஊர்க் கோபுரமும்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன வாரம் வாட்ஸப்பில் கேட்டிருந்தான். "டீச்சர், தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமா, மதுரைக் கோபுரமா? கேன்டீன்ல மதுரைக்காரரோட பெரிய சண்டை. ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல" என்று. அவனுக்கு எழுத ஆரம்பித்தது இவ்வளவு வளர்ந்துவிட்டது. கார் கம்பெனிக்காரன் கேட்டதால் காரிலிருந்தே தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது, பொறுமையாக வாருங்கள்.

கார் முகப்பில் இருக்கிற பேட்ஜை யாரோ அழகுக்காக வரைந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். பழைய கம்பெனிகளின் பேட்ஜுகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி ஊர்ச் சின்னங்கள். நம் அம்பாசிடர் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தாய்க் கார் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. மாரிஸ் கம்பெனி பேட்ஜில் ஒரு காளை நிற்கும், அதன் காலடியில் அலை அலையாகத் தண்ணீர். காருக்கும் காளைக்கும் என்ன சம்பந்தம்? கம்பெனி தொடங்கிய ஊர் ஆக்ஸ்ஃபோர்டு. ஆக்ஸ் என்றால் எருது, ஃபோர்டு என்றால் ஆற்றில் இறங்கிக் கடக்கிற துறை. எருது கடக்கும் துறை என்பதே அந்த ஊரின் பெயர், அதுவே அந்த நகரத்தின் சின்னம். ஊர்க்காரர் கார் செய்தார், ஊர்ச் சின்னம் காரில் ஏறியது. அந்தக் கார் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவுக்கு வந்து அம்பாசிடர் ஆனபோது காளை மட்டும் கூட வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ கதை. 1910-இல் மிலான் நகரத்தில் தொடங்கிய கம்பெனி. பேட்ஜ் ஒரு வட்டம். இடது பாதியில் வெள்ளையில் சிவப்புச் சிலுவை, அது மிலான் நகரத்தின் அடையாளம். வலது பாதியில் ஒரு பாம்பு, அதன் வாயில் ஒரு மனித உருவம். அந்த ஊரை ஆண்ட விஸ்கோன்டி குடும்பத்தின் சின்னம் அது. ரொமானோ கட்டானியோ என்ற இளம் வரைபடக்காரர் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தபோது, எதிரே இருந்த கோட்டை வாசலில் அந்தப் பாம்பைப் பார்த்து, இதையே வைக்கலாம் என்று சொன்னதாக வரலாறு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகம் முழுக்க ஓடுகிற கார்களின் நெற்றியில் ஓர் ஊரின் வாசல் இருக்கிறது. வட்டத்தின் ஓரத்தில் மிலானோ என்று ஊர்ப் பெயரையும் எழுதியிருந்தார்கள். நேப்பிள்ஸ் பக்கம் இன்னொரு தொழிற்சாலை வந்ததும் 1972-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். பாம்பு போகவில்லை, பெயர் போய்விட்டது. மிலான்காரர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நம்மால் நினைத்துப் பார்க்க முடியும்.

(இடையில் ஒன்று. ஜப்பானில் சுபாரு என்று ஒரு கார் இருக்கிறது. சுபாரு என்றால் நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். பேட்ஜில் ஆறு நட்சத்திரங்கள். நாமும் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் என்றுதானே சொல்கிறோம்! எங்கேயோ இருக்கிறவர்களும் வானத்தைப் பார்த்து ஆறு என்றே எண்ணியிருக்கிறார்கள்.)

இப்போது நம் ஊருக்கு வருவோம். மிலானுக்குக் கோட்டை வாசல் என்றால் நமக்குக் கோயில் வாசல். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம், 11 நிலை, 190 அடிக்கு மேல். இராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஊர் வருவதற்கு முன்னால் கோபுரம் வந்துவிடும். தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது இதுதான் என்று நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தோம். பால்கோவா டப்பாவில்கூட கோபுரம் இருக்கும். பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு 2019-இல்தான் கிடைத்தது. கோபுரத்துக்கு அதற்கு 70 வருடம் முன்னாலேயே கிடைத்துவிட்டது என்று என் தம்பி வேடிக்கையாகச் சொல்வான். உடனே இராஜபாளையத்து உறவுகள், "எங்க நாய்க்கு 2005-லயே தபால்தலை போட்டாச்சு" என்பார்கள். அது உண்மைதான். 12 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர் இருந்தால் இந்தப் பேச்சு இல்லாமல் இருக்காது.

முத்திரை பிறந்தது விடுதலை கிடைத்த கையோடு, 1940-களின் கடைசியில். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் வந்து 1952 வரை இருந்தவர் யார் தெரியுமா? நம் இராஜபாளையத்து பூ.ச. குமாரசாமி ராஜா. தம் வீட்டையே காந்தி கலை மன்றமாக ஊருக்குக் கொடுத்தவர். பிள்ளைகளில் பல பேருக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு முதலமைச்சர் வந்தார் என்பதே தெரியவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். "ராஜா இருந்ததால்தான் நம்ம கோபுரம் வந்தது" என்று பெரியவர்கள் பேசுவதற்கு இந்த ஆண்டுக் கணக்குதான் காரணம். ரசிகமணி டி.கே.சி. யோசனை சொன்னார் என்பது இன்னொரு பேச்சு. சமயச் சார்பற்ற அரசுக்குக் கோயில் கோபுரம் எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. கோபுரம் தமிழர் கட்டடக் கலையின் அடையாளம் என்பது அதற்குப் பதில்.

அதே 1948-இல் சென்னையில் இன்னொரு பெயர்ப்பலகையும் மாட்டினார்கள். ரகுநந்தன் சரண் என்பவர் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்க அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார், எண்ணூரில் தொழிற்சாலை. அந்த அசோக் சக்கரவர்த்தி அல்ல, அவருடைய மகன் பெயர்! அரசு முத்திரையில் இருப்பது அசோகச் சக்கரவர்த்தியின் சிங்கத் தூண், நாம் ஏறிப்போன பஸ்ஸின் முகப்பில் இருந்தது ஒரு பையனின் பெயர். 1955-இல் இங்கிலாந்துக் கம்பெனியின் பெயரும் சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது.

முத்திரையை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். சென்னை ஓவியப் பள்ளியைச் சேர்ந்தவர். அவர் வேலையை நான் வகுப்பில் பல வருடம் பிள்ளைகளை வரைய வைத்திருக்கிறேன். டம்ளரைக் கவிழ்த்து வெளி வட்டம், வளையலை வைத்து உள் வட்டம். வட்டத்துக்குள் கோபுரத்தை வரைந்தவுடன் ஒரு சிக்கல் தெரியும். கோபுரம் அடியில் அகலம், மேலே குறுகல், கிட்டத்தட்ட முக்கோணம். வட்டத்துக்குள் முக்கோணத்தை வைத்தால் இரண்டு பக்கமும் வெற்றிடம் வரும். அங்கேதான் இரண்டு தேசியக் கொடிகள். கோபுரத்தின் கீழே வாசல் இருக்க வேண்டிய இடத்தில் சிங்கங்களை நிறுத்திவிட்டார். எதுவும் ஒட்டவைத்த மாதிரி இல்லை. வெளி வளையத்தில் எழுத்து. நாணயத்திலும், கார் பேட்ஜிலும், தபால் ஆபீஸ் முத்திரையிலும் இதே முறைதான். பெயர் மாறினால் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், நடுப்படத்தைத் தொட வேண்டாம். மாறவும் மாறியது. 1969 ஜனவரி 14-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. இப்போது மேலே தமிழ்நாடு அரசு, கீழே வாய்மையே வெல்லும். உள்ளத்தில் இருந்தால் உண்மை, வாயில் வந்தால் வாய்மை, உடம்பால் நடந்தால் மெய்மை என்று நம் பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டிய சொற்றொடர்களில் இதுவும் ஒன்று, பாடப்புத்தகத்திலேயே இருந்ததால்.

சரி, எந்தக் கோபுரம்?

கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகவே அவர் தரப்பில் சொல்லப்படுகிறது. ஆனால் நம் மாவட்டத்தைப் பற்றிய அரசுப் பக்கங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே மாநிலச் சின்னம் என்று இருக்கிறது. அதாவது வரைந்த கை ஒன்று சொல்கிறது, முத்திரையை வைத்திருக்கிற கை வேறொன்று சொல்கிறது. பாவம், கேன்டீனில் சண்டை வராமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் பி.எம்.டபிள்யூ. கதையைக் கேளுங்கள். 1917-இல் பதிவு செய்த வட்டப் பேட்ஜ், உள்ளே நீலமும் வெள்ளையும் நான்கு கட்டங்கள். விமானம் சுற்றுகிறபோது தெரிகிற காற்றாடி அது என்று உலகம் முழுக்க நம்பினார்கள். கம்பெனி விமான எஞ்சின் செய்ததால் நம்பவும் எளிது. உண்மையில் அது கம்பெனி இருக்கிற பவேரியா மாநிலத்தின் கொடி நிறம். அரசுச் சின்னத்தை வணிக முத்திரையில் வைக்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருந்ததால் நிறங்களின் வரிசையை மாற்றி வைத்தார்கள். (நம் நாட்டிலும் 1950-இலும் 2005-இலும் இதற்கென்று சட்டங்கள் வந்தன. முத்திரையைச் சொந்தக் காரில் ஒட்டிக்கொண்டு போகிற உறவினர்கள் கவனிக்கவும். யாரென்று சொல்லமாட்டேன்.) காற்றாடிக் கதை எங்கிருந்து வந்தது? 1929-இல் வந்த ஒரு விளம்பரப் படத்தில், சுற்றுகிற காற்றாடிக்குள் பேட்ஜைக் காட்டினார்கள். படம் அழகாக இருந்தது, கதை நின்றுவிட்டது. கம்பெனியும் பல காலம் அதை மறுக்க அவசரப்படவில்லை.

என் தீர்ப்பைச் சொல்கிறேன், ஊர்க்காரர்கள் கோபப்படாதீர்கள். ஒரு படம் எதைப் பார்த்து வரைந்தது என்ற கேள்விக்கு முதல் சாட்சி வரைந்தவர்தான். ஊர்ப்பாசம் அதற்கு அடுத்த வரிசையில் உட்கார வேண்டும். அந்தக் கணக்கில் மதுரைக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுகிறேன். மதுரையில் வாக்கப்பட்ட எங்கள் மதினி இதைப் படித்துவிட்டு எல்லா குரூப்பிலும் அனுப்பப் போகிறார், அனுப்பட்டும்.

ஆனால் முழு மதிப்பெண் போடமாட்டேன். மதுரை மேற்குக் கோபுரத்தில் கண்ணுக்கு எட்டுகிற இடமெல்லாம் சுதைச் சிற்பங்கள், வண்ணங்கள். அதற்கு 9 நிலை. நம் கோபுரத்தில் சுதை உருவங்கள் மிகவும் குறைவு, நிலைகளும் மாடங்களும் சாளரங்களுமாகக் கட்டடத்தின் கோடுகளே பளிச்சென்று தெரியும். முத்திரையில் இருப்பதும் அப்படிக் கோடுகளாகத் தெரிகிற கோபுரம்தான். அவ்வளவு சின்ன வட்டத்தில் சிற்பங்களை வரைந்தால் மைக்கறைதான் மிஞ்சும், ஆகவே எந்தக் கோபுரத்தை வரைந்தாலும் சிற்பங்களை உதிர்த்தாக வேண்டும். உதிர்த்த பிறகு மதுரைக் கோபுரம் நம் கோபுரத்தின் சாயலுக்கு வந்துவிடுகிறது! நம் ஊர்க்காரர்கள் பார்த்தவுடன் "இது நம்மது" என்று சொன்னதில் பொய் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

கேன்டீன் பையனுக்கும் அந்த மதுரைக்காரருக்கும் ஒரு வீட்டுப்பாடம். மதுரையில் இருக்கிற பிள்ளைகள் யாராவது மேலச் சித்திரை வீதியில் நின்று மேற்குக் கோபுரத்தை நேர் எதிரே படம் எடுத்து அனுப்புங்கள். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறவர்கள் நம் கோபுரத்தையும் அதேபோல் எடுங்கள். காலை வெயிலில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கரண்டுக் கம்பி குறுக்கே வரக் கூடாது, கலசம் வெட்டுப்படக் கூடாது. இரண்டையும் முத்திரை அளவுக்குச் சுருக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கீழே போடுங்கள், பார்ப்போம். செல்ஃபி எடுத்து அனுப்புகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.