இரண்டாம் இடம் பெற்றவர்

அயல்நாட்டில் ஆராய்ச்சி செய்ய விரும்புவோர்க்குப் பொருளுதவி மட்டும் போதாது; ஏற்றுக்கொள்ளும் பல்கலைக் கழகத்தின் கதவும் திறந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருவருக்கு ஒரே ஆண்டில் வாய்த்த வரலாற்றைக் கூறுகிறேன்.

1851-இல் லண்டனில் நடந்த பெருங் கண்காட்சியில் செலவு போக எஞ்சிய பணத்தைக் கொண்டு, அரச ஆணைக்குழு ஒன்று 1891 முதல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு உபகாரச் சம்பளம் வழங்கலாயிற்று. ஆண்டுக்கு 150 பவுன். நியூசிலாந்திலிருந்து இருவர் விண்ணப்பித்தனர். தங்கத்தைப் பற்றி ஆராய்ந்த மக்லாரின் தேர்வு பெற்றார்; இரும்பின் காந்தத் தன்மையை ஆராய்ந்த எர்னஸ்ட் ரதர்போர்டுக்கு இரண்டாம் இடம். மக்லாரின் ஏற்க இயலாது விலகவே, 1895-இல் அது ரதர்போர்டைச் சேர்ந்தது. கப்பற் கட்டணத்துக்குக் கடன் வாங்கிப் புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜோ அதுவரை வேற்றிடத்துப் பட்டதாரிகளை ஆராய்ச்சி மாணவர்களாகச் சேர்த்ததில்லை. அவ்விதி மாறியதும் அதே 1895-இல்தான்! முன்னரே வந்திருப்பின் பாலபாடத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஜே. ஜே. தாம்சனின் காவெண்டிஷ் ஆய்வுக்கூடம் அவரை வரவேற்றது. விண்ணப்பத்துக்கென எழுதிய ஆய்விலிருந்து பிறந்த கருவியொன்றையும் அவர் கையோடு கொண்டு வந்திருந்தார். வானொலியில் பேசும் நான் இதனைச் சொல்லாமல் விடலாகாது: 1896-இல் அக்கருவி அரை மைலுக்கு அப்பாலிருந்து வந்த மின்காந்த அலைகளை உணர்ந்து காட்டிற்று. 1911-இல் அணுவின் கருவை அவர் உலகுக்கு அறிவித்தார்.

மக்லாரின் தாயகத்திலேயே தங்கி அரசாங்க இரசாயனப் பரிசோதகரானார். சயனைடு நீரில் தங்கம் கரைவதைப் பற்றிய அவருடைய ஆய்வு தரத்தில் குறைந்ததன்று. அவருக்கு முதலிடம் அளித்தவர்கள் பிழை செய்தார்கள் என்று, ஆயுளெல்லாம் விடைத்தாள் திருத்திய நான் சொல்ல மாட்டேன்.