சீமைக் கருவேலத்தைக் கொண்டுவந்தது யாரு?

விருதுநகர்ல இருந்து சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டைன்னு எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஜன்னலுக்கு வெளியே ஒரே மரம்தான் கூடவே வரும். சீமைக் கருவேலம். வேலிக்காத்தான்னும் சொல்லுவாங்க. இதைக் கொண்டுவந்தது யாருன்னு கேட்டா, நம்ம பக்கம் நிறைய பேர் யோசிக்காம சொல்ற பதில், "காமராசர் காலத்துல விதை தூவினாங்க."

முதல்ல தேதியைச் சரிபார்ப்போம். காமராசர் விருதுநகர்ல பிறந்தது 1903. முதலமைச்சரா இருந்தது 1954ல இருந்து 1963 வரைக்கும். ஆனா 1876லயே சென்னை மாகாணத்தின் வன அதிகாரி கர்னல் பெட்டோம், இந்த மரத்தோட விதையை வரவழைச்சுக் கொடுங்கன்னு வருவாய்த் துறைக்கு எழுதியிருக்கார். சீக்கிரம் வளரும், வறட்சியைத் தாங்கும்ங்கிறதுதான் காரணம். அடுத்த வருஷம், 1877ல, கடப்பா மாவட்டம் கமலாபுரத்துல விதைச்சாங்க. அதே வருஷங்கள்லதான் தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியாவையே உலுக்கிட்டு இருந்துச்சு. காமராசர் பிறக்க இன்னும் 26 வருஷம் இருந்தது.

அதுக்காக நம்ம தாத்தாக்கள் சொல்றது முழுக்கக் கட்டுக்கதைன்னும் சொல்லிட முடியாது. சுதந்திரத்துக்கு அப்புறமும் வறண்ட பகுதிகள்ல விறகுக்காகவும் வேலிக்காகவும் இந்த மரத்தை ஊக்குவிச்சாங்க. அவங்க நினைவுல இருக்கிறது அந்த இரண்டாவது ரவுண்டு.

சரி, வந்த மரம் எப்படி இவ்வளவு பரவுச்சு? காய் இனிப்பா இருக்கும். ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரிக்காது, சாணியோட வெளியே வந்து விழுந்த இடத்துல முளைக்கும். மேய்ச்சல் மாடு எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் இந்த மரமும் போகும். வெட்டினா அடிக்கட்டையில இருந்து இன்னும் அடர்த்தியா துளிர்க்கும்.

ஆனா விதை முளைக்க காலி இடம் வேணுமே. இங்கதான் கதையோட முக்கியமான பகுதி வருது. அந்த இடம், நம்ம கண்மாய்.

விருதுநகர் மாவட்டத்துல வருஷ மழை சுமார் 800 மில்லிமீட்டர்தான். அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில கொட்டித் தீர்த்துட்டுப் போயிடும். அதைப் பிடிச்சு வைக்கிற ஏற்பாடுதான் கண்மாய். வரத்துக் கால்வாய்ல தண்ணி வரும், மடை வழியா வயலுக்குப் போகும், மிஞ்சினது கலுங்கு வழியா அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். கோடையில ஊரே சேர்ந்து தூர்வாரும், கரையைப் பலப்படுத்தும். வண்டலை எடுத்து வயல்ல போட்டுக்குவாங்க. இதுக்குப் பேர் குடிமராமத்து.

1858ல வெள்ளைக்காரங்க ஒரு சட்டமே போட்டாங்க. வழக்கமான மராமத்து வேலைக்கு வராதவங்க பணம் கட்டணும்னு. யோசிச்சுப் பாருங்க. ஒரு ஊர் வழக்கத்துக்குச் சட்டம் தேவைப்படுதுன்னா, அந்த வழக்கம் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருச்சுன்னுதானே அர்த்தம்? பிறகு கண்மாய்கள் அரசாங்கச் சொத்தாச்சு. 100 ஏக்கருக்கு மேல பாசனம் இருந்தா பொதுப்பணித்துறைகிட்ட, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியத்துகிட்டன்னு போச்சு. ஊர்க்காரனுக்கு அது "கவர்மெண்ட் கண்மாய்" ஆயிடுச்சு. போர்வெல் வந்ததும் வசதி இருக்கிறவங்களுக்குக் கண்மாய் தேவையே இல்லாமப் போச்சு.

சிவகாசிக் கதையையும் இதோட சேர்த்துப் படிக்கணும். 1923ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டி, பட்டாசு, அச்சுன்னு மூணு தொழிலும் வேரூன்றுச்சு. மானம் பார்த்த பூமியில இது பெரிய விடுதலை. வெயிலே மூலதனமாச்சு. வார வாரம் சம்பளம் வந்துச்சு. ஆனா வயலை நம்பாத குடும்பத்துக்குக் கண்மாயைத் தூர்வார என்ன அவசரம்? இது யார் மேலயும் குத்தம் இல்ல. கண்மாய் சும்மா கிடந்துச்சு, சீமைக் கருவேலம் உள்ளே வந்துச்சு.

இப்போ சமீப காலத்துக்கு வருவோம். சிவகாசி தொகுதியோட முன்னாள் எம்.பி. வைகோ தொடுத்த பொதுநல வழக்குல, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017 வாக்குல தென்மாவட்டங்கள்ல இந்த மரத்தை அகற்றச் சொல்லித் தொடர்ந்து உத்தரவு போட்டுச்சு. ஊர் ஊரா ஜேசிபி இறங்குச்சு. சில மாசத்துலயே சென்னை உயர்நீதிமன்றம், முதல்ல நிபுணர்கள் ஆய்வு செய்யட்டும்னு இடைக்காலத் தடை விதிச்சது. 2022ல தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்குன்னு தனிக் கொள்கையே வெளியிட்டுச்சு. அதுல வெட்டுறதோட நிறுத்தாம, அந்த நிலத்தை மீட்டெடுக்கிறதும் சேர்ந்திருக்கு. (அந்த நாள்ல வாட்ஸ்அப்ல சுத்தின "இந்த மரம் ஆக்சிஜனே விடாது" செய்தி பொய். பச்சை இலை இருக்கிற மரம் எல்லாமே ஆக்சிஜன் விடும்.)

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவங்களுக்கு இந்த மரம்தான் சோறு. நிலம் இல்லாத வீட்டுக்கு இதுதான் விறகு. "எல்லாத்தையும் வேரோட பிடுங்கு"ன்னு நகரத்துல உட்கார்ந்து சொல்றது சுலபம். கண்மாய்க்குள்ள இருக்கிறதை முதல்ல எடுக்கலாம், அந்த வேலையையும் மரத்தையும் அதே ஊர்க்காரங்களுக்கே கொடுக்கலாம்ங்கிறது என் கருத்து.

எடுத்துட்டு விட்டாலும் பிரச்சினைதான். காலி மண்ணுல அடுத்த மழைக்கே திரும்ப முளைக்கும். சின்னக் கன்றா இருக்கும்போதே வருஷா வருஷம் பிடுங்கணும். கரையில பனை, வேம்பு, நாட்டுக் கருவேலம்னு வைக்கணும், தண்ணி நிக்கணும். சாப்ட்வேர்காரன் பாஷையில சொன்னா, இது ஒரு நாள் ரிலீஸ் இல்ல, காலம் முழுக்க மெயின்டனன்ஸ். நம்ம முன்னோர் அதைத்தான் குடிமராமத்துன்னு சொன்னாங்க. 2017ல தமிழக அரசு அதே பேர்ல திட்டம் தொடங்குச்சு. பேர் திரும்பி வந்துருச்சு, கோடை தவறாம மண்வெட்டியோட வர்ற ஊரும் திரும்பி வரணும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனா ஒரு வேலை பண்ணுங்க. நம்ம கண்மாய்க்குத் தண்ணி எந்த வழியா வருது, கலுங்கு எங்க இருக்குன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க. அவங்களுக்கு இன்னும் வழி தெரியும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.