கை கழுவினால் போதும்

அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டபின் சிறுநீர் தானாக இறங்கவில்லை. டிஸ்சார்ஜ் அன்று நர்ஸக்கா மெல்லிய டியூப் ஒன்றை என்னிடம் நீட்டினார். "வீட்ல நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் போட்டு எடுங்க தம்பி. சோப்புப் போட்டுக் கை கழுவினா போதும்."

அந்தப் 'போதும்' வந்துசேர நெடுங்காலம் ஆனது. முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றிலும் படுக்கைப்புண்ணிலும்தான் செத்தார்கள். 1944ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், குழாயை உள்ளேயே விட்டுவைக்காமல் அவ்வப்போது செலுத்தி எடுக்கச் சொன்னார். ஆனால் அறுவை அரங்குக்குரிய கிருமிநீக்கத்தோடு. அதை வீட்டில் யார் செய்ய முடியும்?

1972ல் மிச்சிகனின் ஜாக் லாபிடஸ் குழுவினர் வேறொன்றைச் சொன்னார்கள். நிரம்பி விரியும் பையின் சுவரில் ரத்த ஓட்டம் குறைகிறது. தொற்றுக்கு வழி அதுதான். நேரத்துக்குக் காலி செய்வதே முக்கியம், சுத்தமான கை போதும், நோயாளியே செய்துகொள்ளலாம்.

முதல் வாரம் அப்பா என் முகத்தையே பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து டியூபை வாங்கிக்கொண்டு சொன்னார்: "நான் பாத்துக்கிறேன். கதவச் சாத்திட்டுப் போ."