ஆற்றுப்படையும் அறை முன்பதிவும்

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள் என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொருவனுக்கு வழி சொல்வது அவற்றின் அமைப்பு. புரவலனின் புகழே பாட்டின் நோக்கம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையை, அது பாடும் தொண்டை நாட்டிலேயே இருந்துகொண்டு படிக்கையில் வேறொன்றும் புலப்படுகிறது. எயினர் குடியிருப்பில் என்ன உணவு கிடைக்கும், ஆயர் வீட்டில் எது, உழவர் வீட்டில் எது, வலைஞர் சேரியில் எது, கலங்கரை விளக்கம் நிற்கும் நீர்ப்பெயற்றுத் துறையைக் கடந்து காஞ்சியை எப்படி அடைவது என 500 அடிகளில் நிரல்படச் சொல்லப்படுகிறது. கேட்கும் பாணன், எங்கே தங்கலாம், எதை உண்ணலாம் என்று தானே முடிவு செய்துகொள்ளப் போதுமான செய்தி அதில் உண்டு. அந்தத் துறைமுகத்தை மாமல்லபுரத்தோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களும் உளர்.

இதே காஞ்சிக்குத்தான் பஞ்ச காலத்தில் அமுதசுரபியோடு வருகிறாள் மணிமேகலை. அங்கே திரண்டவர்களைச் சாத்தனார் வகைப்படுத்திக் காட்டுகிறார். பதினெட்டு மொழி பேசும் மக்களிடையே கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க இயலாதவர், வாய் பேசாதவர், நோயுற்றவர், கவனிப்பாரற்றவர் எனப் பட்டியல் நீள்கிறது. மதுரையில் ஆபுத்திரன், தான் இரந்து பெற்ற சோற்றை உண்ணுமுன் இத்தகையோரைக் கூவி அழைத்தான் என்பதும் அக்காப்பியம் தரும் செய்தி. கூவி அழைத்தான் என்பதை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். சோறு இருக்கிறது என்ற செய்தி போய்ச் சேராவிட்டால் சோறு இருந்தும் பயனில்லை. காது கேளாதவருக்கு அந்தக் கூவல் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. இக்கேள்விக்குப் பிறகு வருவோம்.

காப்பியத்தைக் கற்பனை என்று ஒதுக்குவோருக்குக் கல்வெட்டு இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திரனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அங்கே இயங்கிய ஆதுலசாலை ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. நோயாளிகளுக்கு 15 படுக்கைகள். மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்கள், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் என எல்லாம் எண்ணிக் குறிக்கப்பட்டுள்ளன. "நல்ல வசதிகள் உண்டு" என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகவில்லை அவர்கள்.

இந்த மரபைப் பற்றிப் பெருமை பேசுவது எளிது. ஆனால் அதில் ஒரு நுட்பமான பிளவு உண்டு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. ஆற்றுப்படையில் பாணனுக்கு வழி சொல்லப்படுகிறது, எங்கே போவது என்பதை அவன் முடிவு செய்கிறான், அவன் விருந்தினன். கண் தெரியாதவரும் நடக்க இயலாதவரும் அமுதசுரபியின் முன் வந்து நிற்கிறார்கள், அவர்கள் இரவலர். வழியைக் கேட்டறிந்து, தன் பொருளைச் செலவிட்டு, தான் விரும்பிய இடத்தில் தங்கும் பயணியாக அவர்களை நம் இலக்கியம் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கவில்லை. சென்ற 25 ஆண்டுகளில் உலகில் நடந்த சில வழக்குகள் இந்த எண்ணத்தோடு மோதியவையே.

இதைச் சொல்ல ஊரப்பாக்கம் பொருத்தமான இடம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபின், தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வரும் பலருக்கும் அதையொட்டிய இவ்வூரே தலைவாசலாகிவிட்டது. இங்கிருந்து வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை வழியே கிழக்கே போனால் கோவளமும் முட்டுக்காடும் வரும். கடற்கரையோடு தெற்கே திரும்பினால் மாமல்லபுரம். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தொலைவிலிருந்து அங்கே பிள்ளையை அழைத்துவரும் குடும்பத்துக்கு முதல் தேவை தங்குமிடம். சிற்பங்களைக் காணவோ கடற்காற்று வாங்கவோ வரும் சக்கர நாற்காலிப் பயணிக்கும் அதுவே தேவை. முன்பு விடுதி வாசலில் போய் நின்று விசாரித்தார்கள். இன்று அந்த வாசல் இணையப் பக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

அந்தப் பக்கத்தைக் கண் தெரியாத ஒருவர் எப்படி அடைகிறார்? திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் வழியாக. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற இருவர் 2006இல் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' இவற்றுள் இலவசமாகக் கிடைப்பது; தமிழும் பேசும். அதைக் கொண்டு இப்பகுதி விடுதிகள் சிலவற்றின் பக்கங்களை, திரையை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்த்தோம். "படம், படம், இணைப்பு, படம்" என்று குரல் சொல்லிக்கொண்டே போயிற்று. அறைக் கட்டணம் சுவரொட்டிபோல் ஒரே படமாக இடப்பட்டிருந்ததால் அது மௌனமாயிற்று. வருகைத் தேதிக்கான நாட்காட்டி சுட்டெலிக்கு மட்டுமே திறந்தது. பெயர் எழுத வேண்டிய கட்டம் எது, தொலைபேசி எண்ணுக்கான கட்டம் எது என்பதைக் குரல் சொல்லவில்லை. ஓர் இடத்தில் எல்லாவற்றையும் தாண்டி இறுதிவரை போனோம். அங்கே கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் சோதனை காத்திருந்தது. பார்வையுள்ள நாங்கள் திரையை மீண்டும் ஏற்றிக்கொண்டோம். மற்றவர் அடுத்தவரை அழைத்தாக வேண்டும். விருந்தினர் இரவலராக மாறும் கணம் அதுவே.

தமிழில் தொடக்கம் முதல் வலைப்பதிந்தவர்களுக்கு இது புதிதன்று. டிஸ்கி, தாப், பாமினி என்று ஆளுக்கோர் எழுத்துருவில் எழுதிய காலத்தில், எழுத்துரு இல்லாத கணினியில் நம் கவிதைகள் எல்லாம் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன. ஒருங்குறி பரவியபின் அத்துன்பம் நீங்கியது. தமிழைப் படமாக்கி இடுகிற விடுதிப் பக்கம், திரைவாசிப்பானைப் பொறுத்தவரை நம்மை அந்தப் பழைய இருளுக்கே திருப்பி அனுப்புகிறது.

இனி வழக்குகளுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டியின் இணையத்தளத்தைத் தம்மால் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். தளத்தைத் திருத்த ஓராண்டுக்கு மேலாகும், இருபது லட்சம் டாலருக்கு மேல் செலவாகும் என்று அமைப்பாளர்கள் வாதிட்டனர். ஆணையம் அதை ஏற்கவில்லை. திருத்தும்படி 2000 ஆகஸ்டில் ஆணையிட்டது. அது நிறைவேறாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. விடுதித் துறையைத் தொட்ட நிகழ்வு 2004 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்தது. ரமாடா, பிரைஸ்லைன் ஆகிய நிறுவனங்களின் தளங்களைப் பார்வையற்றோர் பயன்படுத்த இயலவில்லை என்று அம்மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் விசாரித்தார். தளங்களைத் திருத்துவதாக இரு நிறுவனங்களும் உடன்பட்டன.

இவற்றைவிட எங்களைக் கவர்ந்தது 2012 மார்ச்சில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த விதி. விடுதி தன் முன்பதிவு முறையில், மாற்றுத்திறனாளிக்கான வசதிகளை அவர் தம் தேவைக்கு அது ஒத்துவருமா என்று தாமே முடிவு செய்யும் அளவுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. பாணனுக்குச் சொல்லப்பட்டதும் இவ்வாறுதானே!

இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. கட்டடம், போக்குவரத்து மட்டுமன்றித் தகவல் தொழில்நுட்பத்தையும் அது உள்ளடக்கியது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் கூடாது, கட்டாயமானவையாக வகுக்கப்பட வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, எண்ணிம அணுகல் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அறமாகத் தொடங்கியது இங்கே உரிமையாகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல் என்பதையும் நினைவில் கொள்வோம்.

பார்வையற்றோரை மட்டும் எண்ணி நின்றுவிடுவதற்கில்லை. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924 முதல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955 முதல் அது மத்திய அரசின் தொழுநோய் நிறுவனம். 1940களின் பிற்பகுதியில் இங்கே வந்த மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் மடங்கிய கைகளைப் பார்த்தபின்தான், வேலூரில் அக்கைகளைச் சீரமைக்கும் அறுவையில் இறங்கினார். விரல்கள் ஒத்துழைக்காத கைக்குச் சுட்டெலி எட்டாப் பொருள். விசைப்பலகையின் ஒரு விசையைத் தட்டியே பக்கம் முழுவதும் நகர முடிந்தால் அந்தக் கை அறையைப் பதிவு செய்துவிடும். கைகளின் துயரை இவ்வளவு நெருங்கிக் கண்ட மாவட்டம் இதை உணர்வது கடினமன்று.

ஆபுத்திரனின் கூவலைக் காது கேளாதவர் எப்படி அறிந்தார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஒரே வழியில் சொல்லப்படும் செய்தி எப்போதும் யாரையேனும் விட்டுவிடும். "முன்பதிவுக்கு அழைக்கவும்" என்று தொலைபேசி எண்ணை மட்டும் தரும் சிறு விடுதி காது கேளாதவரை வெளியே நிறுத்துகிறது. அதே எண்ணில் எழுத்துச் செய்தியும் ஏற்கப்படும் என்று ஒரு வரி சேர்த்தால் கதவு திறந்துவிடும்.

ஊரப்பாக்கத்திலோ மாமல்லபுரத்திலோ பத்து அறைகளை வைத்துப் பிழைக்கும் விடுதிக்காரருக்கு இதெல்லாம் பெருஞ்சுமை என்று வாதிடுவோர் உண்டு. மின்தூக்கி அமைப்பது செலவுதான். உண்மையைச் சொல்வது செலவன்று. வாசலில் எத்தனை படி, சாய்தளம் உண்டா, குளியலறைக் கதவு எத்தனை அங்குலம், கட்டில் எவ்வளவு உயரம், கைப்பிடி எந்தப் பக்கம் என்பவற்றை அளந்து, படமாக அல்லாமல் எழுத்தாக இடலாம். "எங்களிடம் மின்தூக்கி இல்லை, தரைத்தளத்தில் ஓர் அறை உண்டு" என்ற ஒரு வரி, பத்து வண்ணப்படங்கள் செய்யாததைச் செய்யும். படங்களுக்கு விளக்க வரியும், கட்டங்களுக்குப் பெயரும் எழுதுவது பக்கத்தை வடிவமைப்பவருக்குச் சில நாள் வேலை. "மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தது" என்று பொதுப்பட எழுதிவிட்டு, வந்து சேர்ந்தவரை மூன்று படிகளுக்கு முன் நிறுத்துவதே உண்மையில் விலை மிகுந்த செயல்.

திருமுக்கூடலில் கல் வெட்டியவர்கள் படுக்கைகளை எண்ணிப் பொறித்தார்கள். உருத்திரங்கண்ணனார் வழியையும் உணவையும் நிரல்படச் சொன்னார். இவ்விரண்டும் நம் மண்ணில் ஏற்கெனவே உள்ள பழக்கங்கள். நாம் சேர்க்க வேண்டியது ஒன்றே: வழி கேட்பவர் கண் தெரியாதவராகவோ, காது கேளாதவராகவோ, சக்கர நாற்காலியில் வருபவராகவோ இருக்கலாம், அவர் சோற்றுக்கு நிற்பவர் அல்லர், அறை கேட்டு வந்த விருந்தினர் என்ற நினைவு.