மதுவிடுதியில் தேயிலைக் கள்ளர்கள்

இங்கிலாந்தின் சசெக்ஸ் கடற்கரைப் பக்கம், குன்றின்மேல் இருக்கும் சிற்றூர் ரை. அங்கே கூழாங்கல் பாவிய செங்குத்தான தெரு ஒன்றில் நிற்கிறது ‘மெர்மெய்ட்’ மதுவிடுதி. நிலவறை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1377இல் பிரெஞ்சுப் படை ஊரையே கொளுத்தியது. 1420இல் விடுதி மறுபடி எழுந்தது. ராஜா ராணி கதைகளும் உண்டு, விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது 1740கள்.

அப்போது இங்கே கும்மாளமிட்டவர்கள் ஹாக்ஹர்ஸ்ட் கூட்டத்தார். கெண்ட் பகுதிக் கடத்தல்காரர்கள். குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கிகளை மேசைமேல் பரப்பிவிட்டுத்தான் குடிக்க உட்காருவார்களாம். தட்டிக்கேட்க ஆளில்லை. பயம் ஒரு பக்கம். சரக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்ற ஆசை மறுபக்கம். என்ன சரக்கு? பிராந்தியும் உண்டுதான். ஆனால் கொழுத்த லாபம் தேயிலையில்! கிழக்கிந்தியக் கம்பெனி சீனத்திலிருந்து இறக்கிய தேயிலைக்கு அரசு போட்ட வரி அப்படி. பின்னாளில் ஜேம்ஸ் உட்ஃபோர்ட் என்ற பாதிரியார், தான் கள்ளத் தேயிலை வாங்கியதைக் கூச்சமில்லாமல் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

1747 அக்டோபரில் கூட்டத்துக்குத் துணிச்சல் தலைக்கேறியது. தங்களிடம் பறிமுதலான தேயிலையைப் பூல் துறைமுகச் சுங்கக் கிடங்கை உடைத்து அள்ளிக்கொண்டு, ஊர்வலம்போலத் திரும்பினார்கள். வழியில் வேடிக்கை பார்த்த கூட்டத்தில், செருப்புத் தைக்கும் டேனியல் சேட்டர் தெரிந்தவர் என்பதால், ஒருவன் அவரிடம் ஒரு பை தேயிலையை வீசினான். அந்தப் பைதான் வினையானது. விஷயம் அதிகாரிகள் காதுக்கு எட்டியது. 1748 பிப்ரவரியில் சாட்சி சொல்லப் போன சேட்டரும், துணைக்குச் சென்ற சுங்க அலுவலர் வில்லியம் கேலியும் ரோலண்ட்ஸ் காசில் ஊரில் ஒரு மதுவிடுதியில் இறங்கினார்கள். அதை நடத்திய விதவை, கடத்தல்காரர்களுக்கு ஆளனுப்பிவிட்டாள்! இருவரும் செத்த விதத்தை எழுத எனக்கு மனமில்லை. 1749 ஜனவரியில் சிச்செஸ்டர் நகரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஏப்ரலில் தலைவன் தாமஸ் கிங்ஸ்மில்லும் தூக்கில் தொங்கினான்.

கூட்டம் ஒழிந்தாலும் தேயிலைக் கடத்தல் ஓயவில்லை. 1784இல் பிரதமர் பிட், 119 சதவீத வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தார். கள்ளத் தேயிலையில் காசில்லை என்றானது. மெர்மெய்டுக்கு இதில் நட்டமில்லை. அதற்கு முன்பே விடுதித் தொழில் அங்கே நின்றுபோயிருந்தது. இன்று அது மறுபடியும் தங்கும் விடுதி. ஓர் அறையில் புத்தக அலமாரிக்குப் பின்னே ரகசியப் படிக்கட்டு உண்டு. வாடகை கொடுத்தால் யாரும் அதில் இறங்கிப் பார்க்கலாம்.

(தொடரும்)